புகைபோக்கியில் இறங்கிய அளவு

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். எனக்கு அவசரமில்லை, விளக்கமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சிவசங்கரன். பெங்களூர் பொம்மனஹள்ளித் தொழிற்கூடத்தில் சோதனைப் பொறியாளர். பூமியிலிருந்து வரும் எரிவாயுவில் ஈரம் இருக்கும். அதை ஒரு திரவத்தால் உறிஞ்சி, பிறகு அந்தத் திரவத்தைக் காய்ச்சுவார்கள். அப்போது ஈரத்தோடு பென்சீனும் ஆவியாகக் கிளம்பும். ரத்தத்தைக் கெடுக்கிற பொருள். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கும் கருவியைத்தான் நாங்கள் செய்தோம். காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உண்மையான ஈடுபாடு உண்டு.

1998 ஜூலையில், வாங்க வந்தவர்கள் புகைபோக்கியில் பென்சீன் அளவெடுப்பதாக இருந்தது. கருவியோ பாதி ஆவியைத்தான் பிடித்தது. மீதி புகைபோக்கியில் போனால் அளவு கூடும்; முற்றத்தில் விட்டால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் அறை. கருவிகளுக்கு வெப்பம் காக்கும் உறை தைக்கிற இடம். அதன் கூரைக்குள் ஒரு குழாயைத் திருப்பிவிட்டேன். புகைபோக்கியில் அளவு அழகாக இறங்கியது. முதலாளி கைகுலுக்கினார். அதன்பின் எல்லாக் கருவிகளையும் அப்படியே சோதித்தேன்.

தையல் அறையில் மௌரீன் மட்டும்தான். பிரேசர் டவுனிலிருந்து வருவார். இரண்டாம் வாரமே என்னிடம் வந்தார்.

"சார், மேலருந்து ஒரு மாதிரி இனிப்பா வாசன வருது. தல சுத்துது."

"புதுப் பச வாசனையா இருக்கும்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

அன்று அவர் வீட்டுக்குப் போனபின் மீட்டரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனேன். முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது. நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் அவர் கைகளில் அடிபடாமலே நீலத் திட்டுகள் வந்தன.

"நம்ம ஷெட்ல பெயின்ட் வேல ஏதாச்சும் நடக்குதான்னு டாக்டர் கேக்கறாரு, சார்."

"இல்லயேம்மா" என்றேன். நடக்கவில்லை, அது பொய்யல்ல.

அக்டோபரில் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம்.

குழாயைக் கழற்றியிருக்கலாம். ஆனால் மாதக் கடைசிக்குள் இரண்டு கருவிகள் போக வேண்டியிருந்தன. அதனால் ஆனேக்கல்லிலிருந்து பஸ்ஸில் வரும் வீணாவை அந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். போன வாரம் அவள் மயங்கி விழுந்தபோது ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டது நான்தான். மூக்கில் ரத்தம் வந்தது. என் கைக்குட்டையைக் கொடுத்தேன்.

ஆமாம், எல்லாம் தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அக்கறை இல்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார்.