கன்னியம்மாவின் வலது கை

எனக்குக் கோலம் போட வராது. சின்ன வயதிலிருந்தே பொறுமை இல்லை. நாலு புள்ளி ஒழுங்காக வைத்தால் ஐந்தாவது கோணிக்கொண்டு போகும். அதனாலேயே நன்றாகக் கோலம் போடுகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ராயப்பன் சார், உங்கள் கேள்விக்குப் பதில் எழுதும் முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

நேற்று சங்க அலுவலகத்தில் நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. நம் குடியிருப்பைப் பெருக்குகிற கன்னியம்மா ஏன் இடது கையால் சாப்பிடுகிறாள்? உங்கள் மனைவி ஷைலா அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாராம். “கையில அடிகிடி ஒண்ணும் இல்ல. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குறா. உங்ககிட்டதான் நல்லா பேசுவா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க அகல்யா மேடம்” என்றீர்கள். நான் அவளிடம் கேட்க வேண்டியதில்லை. எனக்குத் தெரியும்.

மார்கழியில் நாம் நடத்திய ‘பல வாசல்’ கண்காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்கு முந்தைய வருடம் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொருவரும் தன் ஊர்க்காரர் மேசையை மட்டும் பார்த்துவிட்டு, பஜ்ஜி தின்றுவிட்டுக் கிளம்பினார்கள். இந்த வருடம் அப்படி ஆகக் கூடாது என்று கலாச்சாரச் செயலாளராக நான் உறுதியாக இருந்தேன். ஷைலாவின் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களும் குடிலும், சுலைமான் பாயின் எழுத்தோவியங்கள், நாலாம் மாடி வங்காளிக் குடும்பத்தின் களிமண் பொம்மைகள், எல்லாவற்றையும் சுற்றி ஒரே சிக்குக் கோலம். அரங்கத்து வாசலில் தொடங்குகிற இழை எங்கும் அறுபடாமல் ஒவ்வொரு மேசையையும் வளைத்து, மறுபடி வாசலில் வந்து சேர வேண்டும். இது என் யோசனை. அப்படிப் போடத் தெரிந்தவள் கன்னியம்மா ஒருத்திதான்.

பெருக்குகிறவள் பெயரைப் பலகையில் போடுவதா என்று கமிட்டியில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். நான்தான் சண்டை போட்டேன். மற்றவர்கள் பெயர் எந்த அளவோ அதே அளவில் அவள் பெயரும் வந்தது. இதை நீங்கள் மறக்கக் கூடாது.

கலைஞர்களின் செல்போன்களை வாங்கி ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்ததும் என் ஏற்பாடுதான். முந்தைய வருடம் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு வருடம் மென்பொருள் கம்பெனியில் நாள் குறித்து வேலை வாங்கியவள் நான். நாலரைக்குச் சிறப்பு விருந்தினர் என்றால் நாலரைக்குக் கோலம் முடிந்திருக்க வேண்டும்.

காலை ஏழு மணிக்குக் கன்னியம்மா வந்தாள். தன் போனைத் தாம்பாளத்தில் வைக்காமல் என் கையில் கொடுத்தாள். “போன் வந்தா மட்டும் ஒரு கொரல் குடுங்கம்மா. பொண்ணு ஆஸ்பத்திரில கீது. ஜொரம் உட்டுடுச்சுன்னு டாக்டரு சொன்னாரு. இருந்தாலும் மனசு கேக்கல.” மகள் ரோஷினி கல்லூரியில் இரண்டாம் வருடம். டெங்கு. கன்னியம்மாவின் அண்ணன் மகன் விஷால் துணைக்கு இருந்தான். ஆஸ்பத்திரி ஆட்டோவில் இருபது நிமிஷம். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். அப்போது மனதாரத்தான் சொன்னேன்.

பன்னிரண்டே காலுக்கு விஷால் கூப்பிட்டான். “அத்தைய சீக்கிரம் அனுப்புங்கம்மா. அக்காவுக்கு பிரஷர் எறங்கிக்கினே போவுது.” நான் கன்னியம்மாவைப் பார்த்தேன். குனிந்து, சுலைமான் பாயின் மேசையைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தாள். பாதிக் கோலம். தொடங்கிய கைதான் முடிக்க வேண்டும், வேறொருத்தி கை வைத்தால் இழையின் போக்கு மாறிவிடும் என்று அவளே முந்தின நாள் சொல்லியிருந்தாள். இளம்பிள்ளை, தேறிவிடுவாள் என்று நினைத்தேன். “சொல்லிடுறேன்பா” என்று வைத்தேன். சொல்லவில்லை.

ஒன்றே முக்காலுக்கு மறுபடி. இந்தத் தடவை அவன் குரல் உடைந்திருந்தது. “இன்னும் வரலியேம்மா. அம்மா கொரலயாவது கேக்கணும்னு அக்கா அழுவுது. கொஞ்சம் அத்தைகிட்ட குடுங்களேன்.” இரு, கொடுக்கிறேன் என்றேன். போனோடு பின்கட்டுக்குப் போனேன். பத்து வரை எண்ணினேன். அதற்குள் அவன் போனை ரோஷினியின் காதில் வைத்திருந்தான்.

“மா” என்றது அந்தப் பெண்.

நான் தென்காசிக்காரி. ஆனால் நாலு வருடமாகக் கன்னியம்மாவின் பேச்சு தினமும் என் காதில் விழுகிறது. குரலைத் தணித்துக்கொண்டேன். “தூங்குடி கண்ணு. அம்மா வந்துகினே கீறேன்” என்றேன்.

“சீக்கிரம் வாம்மா” என்றாள். அப்புறம் மூச்சு மட்டும் கேட்டது, சீராக. அவளுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். நானும் ஒரு பிள்ளையைப் பெற்றவள் சார். போனை வைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன்.

இரண்டு ஐம்பதுக்கு மூன்றாவது அழைப்பு. விஷால் ஒரே வார்த்தைதான் சொன்னான்.

இழவுச் செய்தி கேட்டபின் கன்னியம்மா கோலமாவைத் தொடமாட்டாள். எந்த வீட்டிலும் தொடமாட்டார்கள். ஆனால் செய்தி காதில் விழும்வரை தீட்டில்லை என்று எங்கள் பக்கமும் சொல்வார்கள், அவர்கள் பக்கமும் சொல்வார்கள். ஆக, அவள் செய்துகொண்டிருந்ததில் ஒரு குற்றமும் இல்லை. மகள் போய்விட்டாள், ஒன்றரை மணி நேரம் முந்திச் சொல்லி யாருக்கு என்ன லாபம் என்று கணக்குப் போட்டேன். நாலு இருபதுக்கு இழை வாசலில் வந்து சேர்ந்தது. கன்னியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, சிரித்தாள். செய்தித்தாளில் வந்ததே, அந்தப் படம் அப்போது எடுத்ததுதான். நீங்களும் பக்கத்தில் கைதட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

விருந்தினர் கிளம்பியபின், ஆறு மணிக்கு, இப்போதுதான் போன் வந்தது என்று அவளிடம் சொன்னேன். அவள் கோலத்தின் மேலேயே மிதித்துக்கொண்டு ஓடினாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பதினாறு நாள் நின்றது. காரியத்தன்று விஷால் சொந்தக்காரர்கள் முன்னால் வெடித்துவிட்டான். மறுநாள் கன்னியம்மா துடைப்பத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“போன்ல அதுகிட்ட பேசிட்டு, அப்பாலயும் கோலம் போட்டுகினு குந்தினு இருந்தியே, நீயெல்லாம் பெத்தவளான்னு கேக்குறான்மா. நான் பேசுனேனாம்மா? எனுக்கு நெனப்பே இல்லியே.”

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். ஆவடியில் இதே கண்காட்சியைப் பெரிதாக நடத்தித் தரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. உங்கள் பெயர், ஷைலா பெயர், சுலைமான் பாய் பெயர், எல்லாருடைய உழைப்பும் அதில் இருந்தது. ஊர் கூடி இழுத்த தேர் ஒருத்தியால் தெருவில் நிற்கலாமா? அதுவுமில்லாமல், மகள் யாரோ ஒருத்தியின் குரலைக் கேட்டுச் செத்தாள் என்பதைவிட அம்மா குரலைக் கேட்டுச் செத்தாள் என்பது ஆறுதல் அல்லவா?

“பேசினே கன்னியம்மா” என்றேன். “உன் கை மாவா இருந்துச்சு. நான்தான் போனைக் காதுல பிடிச்சேன். வந்துகினே கீறேன்னு சொன்னே. கோலத்துல மூழ்கிட்டே, அதான் மறந்துபோச்சு.”

அவள் என்னைச் சந்தேகப்படவில்லை. நாலு பேரை எதிர்த்து அவள் பெயரைப் பலகையில் போட்டவள் நான். தன் வலது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அப்போ, கேட்டுட்டுத்தான் இந்தக் கை கோலம் போட்டுதாம்மா?” என்றாள். நான் அவள் தோளில் கை வைத்தேன். “சரிம்மா” என்றாள். துடைப்பத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு படியிறங்கினாள். அன்றிலிருந்துதான் அவள் அந்தக் கையால் சோறு எடுப்பதில்லை.

ராயப்பன் சார், நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். மூன்று அழைப்பையும் எடுத்தது நான். ரோஷினியிடம் அம்மாவாகப் பேசியது நான். அதைக் கன்னியம்மாவின் தலையில் கட்டியதும் நான். ஒன்றையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: கன்னியம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவள் தாங்கமாட்டாள். அவளுக்கு இனி இந்த ஊரில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?