கெட்டியாகப் போட்ட தாழ்ப்பாள்

கோழிவலை என்று கடையில் கேட்டு வாங்குகிறார்களே ஐயா, அது கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும். மற்றதை வெளியே நிறுத்த உதவாது. கீரி அதைப் பல்லாலேயே பிரித்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு உங்களுக்கும் கோழி வளர்க்கும் ஆசை வந்தால், பற்றவைத்த கம்பிவலையாக வாங்குங்கள். கட்டைவிரல் நுழையாத கண்ணாக இருக்கட்டும்.

நான் அதை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடித்துவிட்டேன். தோண்டிக்கொண்டு வருகிற பிராணி மடிப்பில் முட்டி, இது நமக்கு ஒத்துவராது என்று போய்விடும். மேலே பருந்துக்கு ஒரு வலை. கதவுக்குத் தாழ்ப்பாள்: இழுத்து, தூக்கி, திருப்ப வேண்டும். எங்கள் வீட்டு அலமாரிக்கு இந்தப் பாதுகாப்பில் பாதிகூடக் கிடையாது. அதில் இருப்பதைக் கீரியும் சீண்டாது என்பது வேறு விஷயம்.

முப்பத்தொரு வருஷம் மின்கம்பம் ஏறியவன் நான். அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவன் மேலே கம்பியில், ஒருவன் கீழே சுவிட்சில். மேலே இருப்பவன் ‘கை எடுத்தாச்சு’ என்று குரல் கொடுக்காமல் கீழே இருப்பவன் சுவிட்சைத் தொடமாட்டான். நான் ஒருநாளும் தொட்டதில்லை. என்னோடு ஏறியவர்கள் எல்லாரும் சர்க்கரை வியாதியோடு சௌக்கியமாக இருக்கிறார்கள்.

கோழிகள் ஏழு. பெயர் வைக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருத்தி நடக்கிற நடையைப் பார்த்து ‘சம்பந்தியம்மா’ என்று கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. முதலில் போனது அவள்தான், பட்டப்பகலில். பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். கையில் வெங்காயம் இல்லை.

வலையைச் சுற்றித் தவழ்ந்து பார்த்தேன். ஒரு கண்கூடப் பிரியவில்லை. கதவுதான் திறந்து கிடந்தது.

“நீங்கதான் முட்டையை எடுத்துட்டு அப்படியே வந்திருப்பீங்க,” என்றாள் மனைவி.

“தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் வந்தேன்.”

“ரெண்டு கையிலயும் முட்டை. காலாலயா போட்டீங்க?”

அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் மூன்று. ஒவ்வொரு தடவையும் கதவு திறந்தே கிடந்தது. கீரிக்குத் தூக்கித் திருப்பத் தெரியாது. ஆக, மனிதக் கை. மனைவிக்குக் கோழி பக்கத்தில் வந்தாலே உடம்பு கூசும். மிச்சம் இருப்பது அவளுடைய தம்பி, என் மச்சினன். தையற்காரன், மாடியறையில் மெஷின் போட்டிருக்கிறான். மதிய வேளையில் அவன் கொல்லைப்பக்கம் போவதை நானே இரண்டு முறை பார்த்திருந்தேன். வேறு யாரைச் சந்தேகப்படுவது, சொல்லுங்கள்.

நாலாவது கோழிக்குப் பிறகு மனைவி சொன்னாள்: “இன்னொண்ணு போச்சுன்னா மிச்சத்தை யாருக்காவது கொடுத்துடுவேன். உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவேன். அடுப்பு, குழாய், இப்ப தாழ்ப்பாள்... எனக்குப் பயமா இருக்குங்க.”

டாக்டரிடம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என்னோடு வேலை பார்த்த ஒருவரிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார்கள். ஓய்வுபெற்றவனிடம் கிழமை கேட்பது என்ன நியாயம்? அதற்குப் பிறகு அவர் வீட்டில் தீப்பெட்டியை ஒளித்துவைத்தார்கள். அவரைப் பற்றி அவர் எதிரிலேயே, அவர் இல்லாததுபோலப் பேசினார்கள்.

ஆகவே தாழ்ப்பாளுக்கு ஒரு கம்பி இழுத்தேன். சுவிட்ச் சமையலறை ஜன்னலோரம். திறக்கிற கையைக் கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம். எவ்வளவு கரண்ட் போகும் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அது என் தொழில்.

அன்று பதினொன்றரைக்கு முட்டை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பன்னிரண்டுக்கு அவன் வந்தான், கழுத்தில் அளவு நாடாவோடு. கதவு திறந்து கிடந்தது. அவன் திறக்கவில்லை; நான் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே வந்துவிட்ட ஒரு கோழியை, “போம்மா உள்ள,” என்று காலால் மெல்லத் தள்ளினான். கதவைச் சாத்தினான். இழுத்து, தூக்கி, திருப்பினான். பழகிய கை. அவன் துணி எடுக்க வெளியே போயிருந்த நாட்களில்தான் கோழிகள் செத்தன என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜன்னல் வழியாகக் கேட்டேன். “என்ன மச்சான் பண்றே?”

திடுக்கிட்டான். கை தாழ்ப்பாளிலேயே இருந்தது. “ஒண்ணுமில்ல அத்தான். நீங்க போட்டுட்டுத்தான் போயிருக்கீங்க. சும்மா ஆட்டிப் பார்த்தேன்.”

“நான் போட்டிருந்தேனா?”

“கெட்டியாப் போட்டிருந்தீங்க,” என்று சிரித்தான்.

கேலிச் சிரிப்பு இல்லை ஐயா. கேலியாக இருந்தால் பொறுத்திருப்பேன். குழந்தை கிறுக்கியதைக் காட்டும்போது ‘அட, யானையா?’ என்பார்களே, அந்தச் சிரிப்பு. அதே சிரிப்போடு எத்தனை நாள் எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றியிருக்கிறான் என்று யோசித்தேன். கையை எடு என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்லவில்லை. சுவிட்சைப் போட்டேன்.

நல்ல பையன். என் சட்டைக்கெல்லாம் அவன்தான் காலர் திருப்பித் தைத்துக் கொடுப்பான். அதில் எனக்கு எந்த மாற்றுக்கருத்தும் இல்லை.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். அவன் அங்கே நின்றதை மறந்து சுவிட்சைப் போட்டுவிட்டேன் என்று சொன்னால் ஆஸ்பத்திரியோடு முடிந்துவிடுமாம். மனைவியும் என் முகத்தைப் பார்க்காமல் தலையாட்டுகிறாள். முடியாது. அவன் நின்றான், கை இரும்பில் இருந்தது, மணி பன்னிரண்டு ஐந்து. எல்லாம் தெரிந்தேதான் போட்டேன். கொலைகாரன் என்று எழுதிக்கொள்ளுங்கள். மறதிக்காரன் என்று எழுத விடமாட்டேன்.

இது என்ன காகிதம்? நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்து இவ்வளவையும் சொல்லிக் கையெழுத்தும் போட்டேனா? நேற்று நான் உங்களைப் பார்க்கவே இல்லையே, ஐயா. கையெழுத்து என்னுடையதைப் போலத்தான் இருக்கிறது. யாரோ நன்றாகப் பழகியிருக்கிறார்கள்.