நாலு நாள் ஆறணும்

டீ கொஞ்சம் ஆறட்டும் சார். எதையும் சூடா வாயில வைக்கிற பழக்கம் எனக்கு இல்ல. கண்ணாடிப் பட்டறைக்காரனுக்கு அவசரம் ஆகாது.

பாப்பான்னு நான் சொல்றது என் தங்கச்சியை. முப்பத்தோரு வயசு, ஆனா எனக்குப் பாப்பாதான். அப்பா அம்மா போனப்புறம் வளர்த்தது நான், தொழில் சொல்லிக்கொடுத்ததும் நான். போன மாசம் மூணு நாள் ஒரு ஏரிப் பக்கம் போயிட்டு வந்தா. அப்புறம் வாயைத் திறந்தா ஏரிதான். அதையே கண்ணாடியில பெரிய தட்டா ஊத்தினா. அடியில பச்சை, மேல நீலம், ஓரத்துல சாயங்கால வெயில் மஞ்சள். பொய் சொல்லக்கூடாது, என் கைக்கு அது வராது. கரையில ஒரு சிவப்புப் பொட்டு இருந்துச்சு. என்னதுன்னு கேட்டேன்.

"நான் வாடகைக்குப் பிடிச்சிருக்கிற வீடுண்ணா. புதன்கிழமை கிளம்புறேன்."

அவ இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

அன்னைக்குத் திங்கள். தட்டை அப்பதான், சூட்டை மெதுவா இறக்கி ஆறவைக்கிற அடுப்புல வச்சு மூடினோம். அந்தக் கனத்துக்கு நாலு நாள் ஆறணும். முன்னாடியே திறந்தா வெடிச்சிரும். புதன்கிழமையே வேணும்னு நின்னா. முடியாதுன்னேன். "தட்டும் வேணாம், நீயும் வேணாம், என்னை விட்டாப் போதும்"னு கத்தினா. முகமெல்லாம் சிவந்துபோச்சு. கோவம் வந்தா அவளைத் தனியா விடணும் சார், சின்னதுலேர்ந்தே அப்படித்தான்.

கலர்ப்பொடி வைக்கிற ரூம்ல விட்டுப் பூட்டினேன். அலமாரியைவிடக் கொஞ்சம் பெருசு. பொடியில ஈரம் ஏறக்கூடாதுன்னு கதவைச் சுத்தி ரப்பர் அடிச்சிருக்கேன். தண்ணி வச்சேன், ரொட்டி வச்சேன், அவ தலகாணியும் வச்சேன். ஒரு குறையும் வைக்கல.

சாயங்காலம் வரைக்கும் தட்டினா. அப்புறம் நின்னுபோச்சு. சரி, ஆற ஆரம்பிச்சிட்டான்னு நெனச்சேன்.

காத்து புகாதுன்னு தெரியாதான்னு கேக்குறீங்க. தெரியும். நான் அடிச்ச ரப்பர்தானே. ஆனா பாதியில திறந்தா மறுபடி ஏரின்னு கிளம்பிருவா.

வெள்ளிக்கிழமை ரெண்டையும் திறந்தேன். தட்டுல ஒரு கீறல் இல்ல. அப்புறம் பாப்பா நெத்தியில கை வச்சுப் பார்த்தேன்.

நல்லா ஆறியிருந்தா சார்.