இடப்பக்கத்துத் தடித்த ஸ்பிரிங்குகள்

ஸ்பிரிங் மாட்டுகிறவனுக்கு முதலில் வேண்டியது பொறுமை. பலம் அதற்குப் பிறகுதான். நீங்கள் இந்தத் தொழிலை அறியாதவர் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன், ஐயா. ஷாக் அப்சார்பரின் உடலில் திருகு மரை வெட்டியிருக்கும். அந்த மரையில் ஏறி இறங்கும் வளையத் தட்டின்மேல் ஸ்பிரிங்கை இறக்கி, கம்பியின் நுனி தட்டிலுள்ள சிறு படியில் முட்டும்வரை திருப்ப வேண்டும். பிறகு கவ்வி போட்டு அமுக்கி, மேலே தொப்பியை வைத்து நட்டை இறுக்க வேண்டும். நுனி படியில் முட்டாமல் இறுக்கியவன் மெக்கானிக் அல்ல.

பேகோபுரத் தெருவில் நசீர் அகமது பாயின் பட்டறையில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எண்பத்து மூன்றாம் ஆண்டின் இறுதியில், தெருமுனை எண்ணெய்ச் செக்கு முதலாளி அப்பாதுரை, சென்னையில் கார்ப் பந்தயக்காரர் ஒருவர் கழித்துப்போட்ட ஸ்பிரிங்குகள் நான்கைத் தம் காருக்கென்று கொண்டுவந்தார். அவர் பௌர்ணமிதோறும் காலையில் அண்ணாமலையை வலம்வருபவர், காரில்தான் வருவார். நடந்தால் ஒரு முறைதான் சுற்றலாம், வேகமாக ஓட்டினால் ஏழு முறை சுற்றலாம் என்பது அவருடைய பக்தி. ஆனால் வளைவுகளில் வண்டி இடப்பக்கம் சாய்வது அவரை உறுத்தியது.

நான்கு ஸ்பிரிங்குகளில் இரண்டு தடித்தவை, இரண்டு மெல்லியவை. முன்சக்கரங்களுக்குத் தடித்தவை, பின்சக்கரங்களுக்கு மெல்லியவை என்றுதான் எவரும் மாட்டுவார்கள். நான் சிந்தித்தேன். வலம்வரும் வண்டி எந்நேரமும் வலப்பக்கமே வளைகிறது. பாரம் எந்நேரமும் இடப்பக்கமே விழுகிறது. ஆகவே தடித்தவை இரண்டையும் இடப்பக்கத்திலும், மெல்லியவை இரண்டையும் வலப்பக்கத்திலும் மாட்டினேன். உலகத்து வண்டிகளெல்லாம் இரு திசைகளுக்காகச் செய்யப்படுகின்றன. இந்த ஒன்றுதான் இந்த ஊருக்காகச் செய்யப்பட்டது.

நசீர் பாய் வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏம்பா அருணகிரி, காரு என்னா வேண்டுதலா வச்சிருக்குது, மலையையே சுத்திகினு கெடக்க? நாளைக்கு அவரு பெட்ரோல் போடணும்னா லெஃப்ட்ல திரும்பாம எப்படிப் போவாரு?"

"மெதுவா திரும்புனா ஒண்ணும் ஆவாது பாய். வேகமா வளைஞ்சாதான் வித்தியாசம் தெரியும்."

"ஒரு வித்தியாசமும் தெரியாது. நீ எப்படி மாட்டுனாலும் வண்டி ஒண்ணுதான். ஜாஸ்தி யோசிச்சு மண்டையக் கெடுத்துக்காத."

அடுத்த பௌர்ணமியன்று அப்பாதுரை ஏழு சுற்று முடித்து வந்து, வண்டி துளியும் சாயவில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பாய் அதையும் ஏற்கவில்லை. புது ஸ்பிரிங் எதைப் போட்டாலும் அப்படித்தான் இருக்கும் என்றார். அவர் வாதத்தில் நியாயம் இருந்ததை நான் மறுக்க மாட்டேன். சரியான திசையில் நன்றாக ஓடுவது எதையும் நிறுவிவிடாது. தவறான திசையிலும் அதே வண்டி நன்றாக ஓடிவிட்டால், என் சிந்தனை வெறும் அலங்காரம். ஓடாவிட்டால்தான் அது உண்மை. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

மூன்று பௌர்ணமிகள் காத்திருந்தேன். நானாக எவரையும் தவறான திசையில் அனுப்பவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை காலை அப்பாதுரை தம் தாய் தங்கம்மாளுடன் பட்டறை வாசலில் வந்து நின்றார். கர்ப்பிணியான அவர் மனைவி வள்ளிக்கு அடி அண்ணாமலையில், அவள் முன்பே போயிருந்த தாய்வீட்டில் வளைகாப்பு. பின்னிருக்கை முழுவதும் வளையல் பெட்டிகளும் சாதத் தூக்குகளும்.

"பத்தரைக்குள்ள நல்ல நேரம், அருணகிரி. ஆசிரமப் பக்கமா சுத்திகினு போனா லேட்டாயிடும். இப்படியே மலைய இடது கைப்பக்கம் வச்சிகினு போனா கிட்ட. வண்டி தாங்குமா?"

அவர் தெளிவாகக் கேட்டார். எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"தாராளமா போங்கண்ணா. கொஞ்சம் வேகமாவே போங்க, நேரம் தவறிடப் போவுது."

"பாய்தான் லெஃப்ட்ல திரும்பாதுன்னு கேலி பண்றாரு."

"அவரு கெடக்கறாரு."

அப்பாதுரை சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஏரிக்கரையில் சாலை இடப்பக்கம் நீளமாக வளைகிறது. அங்கே பாரம் முழுவதும் வலப்பக்கத்து மெல்லிய ஸ்பிரிங்குகளில் விழுந்திருக்கும். வண்டி வலப்பக்கமாகவே உருண்டதாக உங்கள் ஆட்கள் அளந்து எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை இரண்டு முறை படித்துக்காட்டச் சொன்னேன். அப்பாதுரை அங்கேயே இறந்தார். தங்கம்மாள் மறுநாள் ஆஸ்பத்திரியில். வளையல்களில் ஒரு டஜன் உடையாமல் கிடந்தனவாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாதி வாக்குமூலம் எனக்குப் பிடிக்காது. தங்கம்மாள் முன்னால், இடப்பக்க இருக்கையில் ஏறப் போனார். கனத்த உடம்பு. அங்கே உட்கார்ந்திருந்தால் பாரம் ஓரளவு ஈடாகி, வண்டி தப்பியிருக்கக்கூடும். அப்போது எதுவும் நிரூபணமாகியிருக்காது. பெட்டிகளை நானே இடப்பக்கம் நகர்த்தி, சில தூக்குகளை முன்னால் வைத்து, "பின்னாடி வலது பக்கம் ஒக்காருங்கம்மா, அங்கதான் காத்து நல்லா வரும்" என்று கதவைத் திறந்து, கைபிடித்து ஏற்றிவிட்டேன். "மவராசனா இருப்பா" என்றார்.

வயதானவர்களிடம் நான் எப்போதும் மரியாதையாகவே நடந்துகொள்கிறவன்.