பத்துக்குப் பத்து

முதல் வாரத்தில் யாரும் முன் வரிசையில் உட்காருவதில்லை. இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறேன். புதுப் பிள்ளைகள் கடைசி வரிசையிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்து, பாதியிலேயே நின்றுவிடுவார்கள். முன்னால் இரண்டு வரிசை சும்மா கிடக்கும். இந்த வருடம் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி போட்டவள். பின்னால் போன தோழி கூப்பிட்டதற்கு, "அங்கருந்து எனக்கு ஒண்ணும் தெரியாதுடி" என்றாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்களும் அந்த அறையில் இருந்தவர்தான். பன்னிரண்டு வருடம் இருக்குமா, வலது பக்கம், ஜன்னலோரம். இன்று விசாரணை அதிகாரியாக மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறீர்கள். சந்தோஷம். குற்றவியல் நீதி படித்துவிட்டு வங்கியில் வரிசை ஒழுங்குபடுத்துகிறவர்கள்தான் அதிகம். படித்த படிப்புக்கே வேலைக்கு வந்தவரைப் பார்த்தால் வாத்தியாருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

முதல் வார வகுப்பு உங்களுக்கு மறந்திருக்காது. கரும்பலகையில் 'சாட்சி' என்று எழுதிப் பேச ஆரம்பிப்பேன். பத்தாவது நிமிடம் ஒரு ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார், என்னோடு சண்டை போடுவார், குடையால் மேசையில் ஓங்கி அடிப்பார், என் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நான் கடிகாரத்தைப் பார்த்து, "பதினஞ்சு நிமிஷம். கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. யாரும் பேசக் கூடாது, எழுந்திரிக்கக் கூடாது" என்பேன். பார்த்த விவரம் சரியாக ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், மொத்தம் பத்து. நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவர், நாங்கள் மீசை என்று கூப்பிடுகிறவர்தான் பத்தொன்பது வருடம் அந்தத் திருடன். அவருக்கு மீசையே இல்லை என்று எழுதிய சாட்சிகள் வருடத்துக்கு நான்கு பேராவது தேறுவார்கள். நீங்கள் அந்தக் குடையைத் துப்பாக்கி என்று எழுதியிருந்தீர்கள். நான்கு போட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த வருடச் சராசரியே அதுதான்.

அந்த ஒரு வகுப்புதான் எனக்கு மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் பழகிப் பழகி மரத்துப் போய்விட்டது. சட்டப் பிரிவுகளை வாய் சொல்லிக்கொண்டிருக்கும், மனசு வேறெங்கோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கும். விடைத்தாளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டு, மறுபடி விடைத்தாள். காலையில் எழுந்து சட்டைக்குப் பொத்தான் போடுவதே பெரிய வேலையாகத் தெரிந்தது. ஆனால் அந்த முதல் வார வகுப்பன்று மட்டும் நான் சீக்கிரம் எழுந்துவிடுவேன்.

அதை நிறுத்தப் போவதாகத் துறைத் தலைவர் சொன்னார். அவர் என் தங்கை புருஷன். என்னைவிட ஆறு வருடம் சின்னவர், எனக்குப் பின்னால் வேலைக்கு வந்து எனக்கு மேலே போனவர். அதற்காக அவர்மீது எனக்கு வருத்தம் என்று நீங்கள் எழுதிவிட வேண்டாம். அவர் நல்ல மனுஷன். ஒருநாளும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார். நான் ஏதாவது மறந்துவிட்டால் அவரே செய்து முடித்துவிட்டு, நான் செய்ததாகக் குறிப்பில் எழுதிவிடுவார். அப்படிப்பட்டவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்துப் பாருங்கள், எவ்வளவு அலுத்துப் போகும் என்று தெரியும்.

"மேல படிக்கிற பசங்க எல்லாத்தையும் மொத நாளே சொல்லிடறாங்க மச்சான்" என்றார். "ஆள் உள்ள வரதுக்கு முன்னாடியே பேனாவைத் தெறந்து வச்சிட்டு உக்காந்திருக்காங்க. இதுல என்ன சாட்சி? ஒரு வீடியோ போட்டுக் காட்டிடலாம். நீங்களும் வகுப்பெல்லாம் கொறைச்சுக்குங்க. வினாத்தாள் பிரிவுல ஒரு ரூம் ஒழிச்சுத் தரச் சொல்லியிருக்கேன். உங்களுக்கும் ஓய்வு வேணும்ல."

"சரி மாப்பிள்ளை" என்றேன். "இந்த வருஷம் மட்டும் நடத்திடறேன்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பிள்ளைகளுக்குத் தெரிந்துதான் இருந்தது. இது உங்கள் விசாரணைக்கு முக்கியம், குறித்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தாலும் அது பாடம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அறுபத்தோரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வருடம் மீசைக்கு மூட்டு அறுவை சிகிச்சை. வேறு ஆள் தேடுகிறேன் என்றதும் மாப்பிள்ளை சிரித்தார். "கடைசித் தடவைதானே, நானே திருடனா வரேன். புதுப் பசங்க யாரும் என்னைப் பாத்ததில்ல" என்றார். எனக்காகத்தான் ஒப்புக்கொண்டார். என் முகம் வாடியதைப் பார்த்திருப்பார்.

அவருக்கு இதயத்தில் கோளாறு என்பது துறையில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தலைவர் பதவியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று மறைத்து வைத்திருந்தார். எனக்கு மட்டும் தங்கை சொல்லியிருந்தாள். "அண்ணா, மாத்திரை டப்பா அவரு சட்டைப் பையிலயே இருக்கும். நெஞ்சைப் பிடிச்சா நாக்குக்கு அடியில ஒண்ணு வைக்கணும், ஒடனே. அங்க உங்களை விட்டா எனக்கு யாரு இருக்கா, பாத்துக்குங்கண்ணா." பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இரண்டு வருடம் பார்த்துக்கொண்டும் இருந்தேன். படியேறும்போது அவர் பையை நான்தான் வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்கு அவர் நேரத்துக்கு வந்தார். மீசையைவிட நன்றாகவே சத்தம் போட்டார். வருகைப் பதிவில் தன் மகன் பெயரை அடித்துவிட்டேன் என்று சண்டை. அவரே யோசித்து வைத்திருந்தது. குடையால் மேசையில் அடித்தார், பையைத் தூக்கினார், கதவுப் பக்கம் திரும்பினார். அங்கே நின்றார். பை கையிலிருந்து நழுவியது. சுவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து அந்த வெள்ளை டப்பா விழுந்து, உருண்டு வந்து என் கால் பக்கத்தில் நின்றது.

நடிப்பைக் கொஞ்சம் கூட்டுகிறார் என்று நான் நினைத்ததாக முதல் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். கல்லூரி அமைத்த விசாரணைக் குழுவும் அதை ஏற்றுக்கொண்டது. அது பொய். பார்த்த உடனே தெரிந்தது. "மச்சான்" என்று கூப்பிட்டுக் கையை நீட்டினார். அந்தக் குரலை யாரும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வர முடியாது.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. இப்போது குனிய வேண்டும், டப்பாவைத் திறக்க வேண்டும், ஆளைக் கூப்பிட வேண்டும், வகுப்பு கலையும், அவர் பிழைத்து எழுந்து எனக்கு நன்றி சொல்வார், திங்கட்கிழமை நான் வினாத்தாள் அறைக்குப் போக வேண்டும். இத்தனையையும் நினைத்தால் மலைப்பாக இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். "பதினஞ்சு நிமிஷம்" என்றேன்.

அறுபது பேர் குனிந்து எழுதத் தொடங்கினார்கள். முன் வரிசைப் பெண் மட்டும் எழுந்தாள்.

"சார், அவருக்கு..."

"உட்காரும்மா. பாக்கறத எழுது."

உட்கார்ந்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு கவனமாக எந்த வருடமும் பிள்ளைகள் எழுதியதில்லை. சிலர் நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினார்கள். அவர் இரண்டு மூன்று தடவை கையைத் தரையில் தட்டினார். ஒன்பதாவது நிமிடத்துக்கு மேல் தட்டவில்லை. பதினைந்து முடிந்ததும் தாளை வாங்கிக்கொண்டு, "பின் கதவு வழியா போங்க, வழியில நிக்காதீங்க" என்று அனுப்பினேன்.

டப்பாவை எடுத்துத் துடைத்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன். அவருடைய பொருள் அவரிடம் இருப்பதுதான் முறை. பிறகு ஆளைக் கூப்பிட்டேன். வந்த மருத்துவர், மாத்திரை பையில் இருந்தும் எடுக்க நேரமில்லாமல் போயிருக்கிறது என்றார். நான் தலையாட்டினேன்.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களேண்ணா" என்றாள். நானும் அழுதேன். அது பொய்யில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும்.

நான்காவது நாள் விடைத்தாள்களை எடுத்தேன். துக்க வீட்டிலிருந்து வந்தவன் திருத்த வேண்டுமா என்று கேட்பீர்கள். வாரக் கடைசிக்குள் மதிப்பெண் போட்டாக வேண்டும். என் தாள் ஒருநாளும் தாமதமானதில்லை. வழக்கம் போலத்தான் எழுதியிருந்தார்கள். வந்தவருக்குத் தாடி இருந்தது, இல்லை, குடை கறுப்பு, நீலம். 'கீழே விழுந்தது செயற்கையாக இருந்தது' என்று ஒருவன். 'ஆசிரியரை மச்சான் என்று அழைத்துவிட்டதால் இருவரும் முன்பே பேசி வைத்தது அம்பலமாகிவிட்டது' என்று ஏழு பேர். அந்த ஏழு பேரும் வருங்காலத்தில் உங்கள் துறைக்கு வரக்கூடும்.

கண்ணாடிக்காரியின் தாள் கடைசியில் வந்தது. எண் போட்டு எழுதியிருந்தாள். ஒன்றிலிருந்து ஏழு வரை கதவு, குடை, சண்டை, பை எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் ஒரு டிக். எட்டாவது: வந்தவர் சட்டைப் பையிலிருந்து வெள்ளை டப்பா விழுந்து ஆசிரியரின் காலருகே உருண்டு வந்தது. ஒன்பதாவது: ஆசிரியர் அதைக் காலணியால் மேசைக்கு அடியில் தள்ளினார். பத்தாவது: கீழே கிடந்தவர் அந்த மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவதை நான் இரண்டு தடவை படித்தேன். காலால் தள்ளியது உங்களிடம் இதுவரை நான் சொல்லாத விவரம். ஆனால் உங்கள் கோப்பில் இருக்கிறது, தெரியும்.

தாளைக் கிழித்திருக்கலாம், ஒரு தாள் தொலைவது புதிதில்லை. அதுகூட வேண்டாம், கையெழுத்துச் சரியில்லை என்று ஒரு மதிப்பெண் குறைத்திருந்தால் அது அலமாரியில் மற்ற தாள்களோடு தூங்கியிருக்கும். ஏனென்றால் முழு மதிப்பெண் வாங்கிய தாளை மட்டும்தான் இரண்டாவது பரிசோதகர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். மதிப்பெண்ணை வாரி வழங்குகிறார்கள் என்று அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான். என் வகுப்பில் அது ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஒன்பதாவதுக்கு டிக் போட்டேன். பத்தாவதுக்கும் போட்டேன். பத்துக்குப் பத்து என்று எழுதி வட்டமிட்டேன்.

தடயவியல் பாடம் எடுக்கும் அம்மாதான் இரண்டாவது பரிசோதகர். அவர் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, பாதியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாராம். பிறகு உங்களுக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் வருவதற்கு முந்தின நாள் அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். அறிவிப்புப் பலகையில் மாப்பிள்ளையின் அஞ்சலிப் படத்தைப் பார்த்ததிலிருந்து அவள் வகுப்புக்கு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"நான் அன்னைக்கு எழுந்தேன்ல சார்?" என்றாள்.

"எதுக்கும்மா கேக்கற? நல்லாத்தான் எழுதியிருக்க."

"எழுதினதக் கேக்கல சார். அவரு கையை நீட்டினப்ப நான் எழுந்தேனா, இல்ல எழுந்த மாதிரி நானா நெனச்சுக்கறேனான்னு தெரியல. பக்கத்துல யாரும் இல்ல. பின்னாடி இருந்தவங்க குனிஞ்சு எழுதிட்டிருந்தாங்க. நீங்கதான் பாத்தீங்க. நான் சும்மா உக்காந்து எழுதிட்டே இருந்தேனா சார்?"

என்னிடம் இருந்த அவள் தாளின் நகலை எடுத்துப் பார்த்தேன். பத்து வரியிலும் அது இல்லை. "தாள்ல அது இல்லையேம்மா" என்றேன். அவள் சரி சார் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஊருக்கே போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், படிப்பை விட்டுவிட்டாளாம்.

டப்பாவைத் தள்ளியது நான். தெரிந்தேதான் தள்ளினேன். நினைத்திருந்தால் அவரைப் பிழைக்க வைத்திருப்பேன், வைக்கவில்லை. கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், சுற்றி வளைக்க எனக்கும் தெம்பில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் எழுந்தாள். நான் பார்த்தேன். கறாராகத் திருத்தியிருந்தால் அதை எழுதாமல் விட்டதற்கே ஒரு மதிப்பெண் போயிருக்க வேண்டும். நான் குறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் கெடுதல் செய்ததில்லை.