பிணமில்லாத ஒப்பாரி

இரவு பதினொரு மணி இருக்கும். சதுப்பு நிலத்து ரோடு. நிலா இல்லை, வண்டி இல்லை, வழியில் படுத்துக் கிடக்கும் ஆடுகள்கூட இல்லை. காற்று மட்டும். அந்த ரோட்டில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். கோட்டு போடவில்லை. காலில் வீட்டுக்குள் போடுகிற துணிச்செருப்பு. தோளில் கறுப்புச் சால்வை. நெஞ்சில், பச்சை அட்டையில் வெட்டிய, திருநாள் சின்னமான மூவிலை ஒன்று ஊசியால் குத்தியிருக்கிறது.

அவள் தட்டியது இந்த வீட்டுக் கதவைத்தான். திறந்தது இதோ உட்கார்ந்திருக்கிற நுவாலா. வந்தவள் அவளுடைய சித்தி மகள் டெர்வ்லா.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றாளாம் டெர்வ்லா. "எல்லாரும் கை தட்டினாங்க."

இந்த இடத்தில் கெல்சி சிரித்துவிட்டாள். அவள் தலையில் பச்சைத் தொப்பி, அதைச் சுற்றி மினுக்கும் விளக்கு வேறு.

"பேய்க்கதைன்னு சொன்னீங்களே ஆன்ட்டி. லெப்ரகான் எப்ப வருவான்?"

"முதல்ல அந்தத் தொப்பியக் கழட்டு," என்றேன். "அந்தக் குட்டிப் பூதம் வேணும்னா விமான நிலையத்துக் கடையில போய் வாங்கிக்க. பொம்மைக்குள்ள பேட்டரி போட்டா ஆடுவான்."

கழற்றினாள். விளக்கு அணைந்ததும் சமையலறை இன்னும் இருட்டாயிற்று. சாயங்காலமே காற்றில் கம்பம் சாய்ந்து கரண்டு போயிருந்தது. அடுப்பில், விறகுக்குப் பதில் எரிக்கும் காய்ந்த சதுப்பு மண்கட்டிகள் புகைந்துகொண்டிருந்தன. மேசையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதைச் சுற்றி நாங்கள் நான்கு பேர்: நான், நுவாலா, பாஸ்டனிலிருந்து வந்திருக்கிற அவள் அண்ணன் மகள்கள் இரண்டு பேர். மத்தியானம்தான் வந்து இறங்கினார்கள், எங்கள் நாட்டுப் புனிதர் பாட்ரிக்கின் பச்சைத் திருநாளைப் பூர்வீக மண்ணில் கொண்டாட வேண்டுமாம். பெரியவள் இந்தக் கெல்சி, சின்னவள் பெயர் ஷானன். இங்கே அது ஆற்றின் பெயர், நாங்கள் யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. கடல் தாண்டிப் போனவர்களுக்குத்தான் ஆறுகூடச் சொந்தமாகிவிடுகிறது.

"டெர்வ்லான்னா எங்க விடுதிக்காரம்மாவா?" என்றாள் ஷானன்.

"அவளேதான். மலக்கி பொண்டாட்டி."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல அவங்க."

"பேசமாட்டா. ஏன்னு கேளு."

டெர்வ்லாவுக்கு ஃபெஸ்டி என்று ஒரு தம்பி இருந்தான். படகுக்காரன். இந்தப் படகுத்துறை முழுவதும் அவளை டெர்வ்லா என்றுதான் கூப்பிடும், அவன் ஒருவன்தான் "அக்கா" என்பான். எந்த வீட்டுக்கு வந்தாலும் வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே நுழைவான். அம்மா அப்படி வளர்த்திருந்தாள். ஒரு நவம்பரில் படகு திரும்பியது. அவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அவர்களின் அம்மா ஒப்பாரி தெரிந்தவள். ஊரில் கடைசி ஆள் அவள்தான். ஆனால் மகனுக்காக ஒரு வரி பாடவில்லை. உடல் இல்லாமல் ஒப்பாரி வைக்கக் கூடாது என்பது இங்கே ஊர்க் கட்டுப்பாடு. வைத்தால் அது போய் உட்கார ஒரு உடல் தேடும். அதனால் அடக்கிவைத்தாள். மாடு கறக்கும்போது மட்டும், நெற்றியை மாட்டின் விலாவில் முட்டுக்கொடுத்து, உதட்டுக்குள் முணுமுணுப்பாள். பால் விழும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்காது என்று நினைத்தாள். பக்கத்துக் கொட்டிலில் நின்ற டெர்வ்லாவுக்குக் கேட்டது. வருஷக்கணக்காகக் கேட்டது. பாடாமலேயே அம்மா செத்தாள். பாட்டு மகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மலக்கியிடம் இதையெல்லாம் அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். கல்யாணமான புதிதில், தலையணையில் முகம் வைத்து.

அதை அவன் என்ன செய்தான் தெரியுமா? பஸ்ஸுக்கு விற்றான்.

திருநாள் வாரம் முழுவதும் விடுதிக்குப் பஸ் பஸ்ஸாக ஆள் வருவார்கள். எல்லாரும் ஏதோ ஒரு ராஜாவின் வம்சம். நாலு தலைமுறைக்கு முன்னால் உருளைக்கிழங்கு அழுகிப் பட்டினியில் ஓடிப்போனவர்களில் ஒரு கூலிக்காரன்கூட இல்லை போலிருக்கிறது. அவர்களுக்கு மலக்கி பச்சை பீர் ஊற்றுவான். நாங்கள் வாழ்நாளில் தொடாத உப்புக்கண்ட மாட்டிறைச்சியை எங்கள் பாரம்பரியச் சாப்பாடு என்று பரிமாறுவான். அது போதாது என்று ஒரு வருஷம் மாடியில் 'பழைய கால இழவு வீடு' ஒன்று போட்டான். நிஜச் சவப்பெட்டி. நாலு மெழுகுவர்த்தி. கண்ணாடியைத் துணியால் மூடி, கடிகாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்து... போன உயிர் வெளியே போக ஜன்னலைத் திறப்போம், கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பி வராமல் இருக்கச் சாத்துவோம். அது நிஜமான வழக்கம். பக்கத்தில் விஸ்கித் தட்டோடு ஒட்டுத்தாடி வைத்த லெப்ரகான். அது நிஜமில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தான் பாருங்கள்.

"மாடின்னா அந்த நீள ரூமா?" என்றாள் கெல்சி. "ஜன்னல் கடலைப் பார்த்திருக்குமே?"

"ஆமா."

"நாங்க அங்கதான் தங்கியிருக்கோம்."

நுவாலா கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்த ரூமையா குடுத்தான்?"

"நாங்களா புக் பண்ணினோம் அத்தை. கடல் தெரியும்னு போட்டிருந்துச்சு. எங்க தெரியுது? கண்ணாடியில ஒரு இடத்துல மட்டும் பனி மூடிக் கிடக்கு. துடைச்சுத் துடைச்சுக் கை வலிச்சதுதான் மிச்சம்."

நுவாலா என்னைப் பார்த்தாள். "நிறுத்தாத, பெகீன். சொல்லி முடி."

அன்றைக்கு ஒப்பாரி வைக்க டவுனிலிருந்து ஒரு நாடகக்காரியைப் பேசியிருந்தான். அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பஸ் வந்து நிற்கிறது. மலக்கி அடுப்படிக்கு வந்தான்.

"நீ வந்து கொஞ்சம் அழு, செல்லம்."

"மாட்டேன்."

"சும்மா ரெண்டு நிமிஷம். பெட்டியில நான்தான் படுக்கப்போறேன். உயிரோட இருக்கிறவனுக்கு அழுதா யாருக்கு என்ன கெட்டுப்போகுது?"

"மாட்டேன்னா மாட்டேன், மலக்கி."

அவன் மாடிக்குப் போனான். அவன் குரல் படிக்கட்டு வழியாகக் கேட்டது. நல்ல கணீர்க் குரல், நல்ல மூச்சு. குழல் வாசிக்கிறவன் இல்லையா. ராத்திரி கடை மூடும்போது கடைசிப் பாட்டை முடித்து, அதே மூச்சில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பான். அப்படிப்பட்ட மூச்சு. அந்தக் குரலில் அவன் சொன்னான்: "நண்பர்களே, இன்னைக்கு உங்களுக்கு நடிப்பு இல்ல, நிஜம். என் மனைவியோட தம்பியக் கடல் கொண்டுபோச்சு. பேரு ஃபெஸ்டி. அவங்க அம்மா பாடாம செத்துப்போன பாட்டு..."

டெர்வ்லா கையைத் துடைத்துக்கொண்டு மாடியேறினாள்.

யாரோ அவள் தோளில் சால்வையைப் போட்டார்கள். யாரோ மூவிலையைக் குத்தினார்கள். பெட்டிக்குள் மலக்கி, வயிற்றின்மேல் பச்சைத் தொப்பி. ஒரு கண்ணைத் திறந்து சிமிட்டினான். "சீக்கிரம், செல்லம். பஸ் கிளம்பணும்."

அவள் ஆரம்பித்தாள்.

எப்படி இருந்தது என்று அவள் நுவாலாவிடம் சொன்னது இவ்வளவுதான்: அது தொண்டையிலிருந்து வரவில்லை, பாதத்திலிருந்து வந்தது. ஓஹோன்... ஓஹோன்... என்று எழும்பி, ஃபெஸ்டியின் பெயரில் போய் நின்றது. துக்கமாக இல்லையாம். வெறும் கோபம். அம்மா விழுங்கிய கோபம், அவள் விழுங்கிய கோபம், தலையணையில் சொன்னது மேடைக்கு வந்த கோபம். அழுதுகொண்டே புருஷன் முகத்தைப் பார்த்தாள். இந்த உடலை எடுத்துக்கோ என்று நினைத்தாளா? நுவாலா கேட்கவில்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

நாலு சுடரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தன. காற்று உள்ளே வருகிற ஜன்னல் அது. சுடர் அறையின் உள்பக்கம்தான் சாய்ந்திருக்க வேண்டும். அப்புறம் அணைந்த திரியின் வாடை... ஆனால் எதுவும் அணையவில்லை. கடைசியாக ஒரு சின்னச் சத்தம். ஹ... குழலை உதட்டிலிருந்து எடுக்கும்போது வருமே, அந்த மிச்ச மூச்சு மாதிரி. அவளைத் தாண்டி ஜன்னல் வழியாகப் போயிற்று.

பஸ்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை தட்டினார்கள். மலக்கி எழுந்து உட்கார்ந்து சிரித்தான். வாய் முதலில் திறந்தது. சிரிப்பு கொஞ்சம் கழித்து வந்தது.

டெர்வ்லா போய் ஜன்னலைச் சாத்தினாள். சாத்திய கையை எடுக்கும் முன்பே கண்ணாடியில் பனி படிந்தது. முக உயரத்தில், வட்டமாக. படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது. வெளிப்பக்கம். கீழே துறைச்சுவர், அதற்கும் கீழே தண்ணீர். யாரும் நிற்க இடமில்லை.

அந்த ஒரு நொடியை நான் எத்தனையோ இரவு யோசித்திருக்கிறேன். வெளியே நிற்பது யாருடைய மூச்சு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. திறந்தால் போதும். அறைக்கு அந்தப் பக்கம் மலக்கி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "பார்த்தீங்களா, நான் சொல்லல? ரத்தத்துலயே இருக்கு." அவள் தாழ்ப்பாளைப் போட்டாள். அப்புறம்தான் இறங்கி நடக்க ஆரம்பித்தாள், கோட்டில்லாமல், இந்த ரோட்டில்.

மறுநாள் திரும்பிப் போய்விட்டாள். அன்றிலிருந்து மலக்கி குழலைத் தொடவில்லை. பல் சரியில்லை என்கிறான். மெழுகுவர்த்தியை இரண்டு விரலால் கிள்ளி அணைக்கிறான். ஜனவரிக் காலையில் பேசுவான், எங்கள் எல்லோர் வாயிலும் மூச்சு புகையாகப் போகும், அவன் வாயில் போகாது. வருஷா வருஷம் இந்த ராத்திரி டெர்வ்லா அந்த ஜன்னல்கிட்டப் போவாளாம். "திறக்கணும்னுதான் போறேன், நுவாலா. கீழ அவன் அந்தத் தொப்பியோட சிரிக்கிற சத்தம் கேக்குது. கை வரமாட்டேங்குது."

அடுப்பில் ஒரு கட்டி சரிந்தது.

"ஆன்ட்டி," என்றாள் கெல்சி. சிரிப்பு இல்லை அவளிடம். "பனி வெளிப்பக்கம் இருக்குன்னு நாங்களும் கண்டுபிடிச்சோம்."

"அப்புறம்?"

"தாழ்ப்பாள் மேல பெயின்ட் அடிச்சு ஒட்டியிருந்துச்சு. நகவெட்டியால சுரண்டினேன். வெளியில துடைக்கலாம்னு... திறந்துட்டேன். இங்க கிளம்பறதுக்கு முன்னாடி. சாத்த மறந்துட்டேன்."

வெளியே மலக்கியின் வேன் வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம். அப்புறம் நடை... நுவாலா எழுந்திருக்கவில்லை. மலக்கி எப்போதும் தட்டாமல் திறந்துகொண்டு பூட்ஸோடு உள்ளே வருகிறவன். கதவு திறந்தது. அவன் வாசலிலேயே நின்றான். குளிரில் அவன் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை போயிற்று, நீளமாக. நான் சட்டென்று மூச்சு விட்டேன். நல்லவேளை, அவன் மூச்சு அவனிடம் திரும்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். கெல்சியின் கையைக்கூட அழுத்தினேன்.

அப்புறம் அவன் குனிந்தான். ஒவ்வொரு பூட்ஸாகக் கழற்றினான். நிலைப்படிக்கு வெளியே கவிழ்த்தான். அன்றைக்கு ஒரு சொட்டு மழை இல்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

வெறுங்காலோடு உள்ளே வந்து, எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"அக்கா எங்க?" என்றான்.