தொடாமல் வாசிக்கும் கை

பிளேன்டீக்கு நன்றி, மிஸ். இந்தக் குளிரில் இஞ்சியும் தட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றால், உங்கள் ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நல்ல மனிதர் இருக்கிறார்.

நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. வெளியே நீள வாங்கில் அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் நிலக்ஷி என்ன விரல் பயிற்சி செய்து வலது கையை இப்படி ஆக்கிக்கொண்டாள் என்று கேட்டீர்கள். பழுதான கைக்குப் பயிற்சி கொடுத்துச் சரியாக்குவது உங்கள் தொழில். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் பேசுவதுபோலப் பேசுவோம். கதவை மட்டும் சாத்திக்கொள்கிறேன்.

என் பெயர் றோலண்ட். ஹட்டனில் ஒரு கடை மாடியில் ‘றோலண்ட் இசைக் கல்லூரி’ நடத்துகிறேன். கல்லூரி என்றால் ஓர் அறை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், மழை வந்தால் ஒரு வாளி. பெயர்ப் பலகையில் என் பெயருக்கு மேலே ‘இருகரத் தந்தி வேந்தர்’ என்று எழுதியிருக்கும். தலவாக்கலையில் ஒரு கலை மன்றம் தந்த பட்டம். பட்டத்தை எழுதிக் கொடுத்தவனும் நான், பொன்னாடையை வாங்கிப் போனவனும் நான். மன்றத் தலைவர் வீரய்யா அதைப் போர்த்தும்போது விலைச்சீட்டு வெளியே தொங்கியது. அவர் பெருந்தன்மையோடு அதையும் உள்ளே மடித்துவிட்டார். பட்டம் என்றால் இப்படித்தான், மிஸ். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஏற்பாட்டில்தான் நான் உயிர் வாழ்ந்தேன்.

வாத்தியம் நுவரெலியாவில் ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போனது. ஊரில் அதைப் பலகை என்பார்கள். பார்வைக்கும் அப்படித்தான்: பத்துத் தந்தி கட்டிய நீளப் பலகை. இடுப்புப் பட்டியில் கொளுவி, நெஞ்சோடு நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கிட்டாரில் ஒரு கை அழுத்தும், மறு கை மீட்டும். இதில் மீட்டுவது என்பதே இல்லை. இரண்டு கை விரல்களும் தந்தியைத் தட்டும், தட்டிய இடத்தில் ஒரு கணம் தங்கும், அவ்வளவுதான். ஒலியை ஒலிபெருக்கிப் பெட்டி பார்த்துக்கொள்ளும். இடது கைக்கு அடிநாதம், வலது கைக்குப் பாட்டு. ஓர் ஈ வந்து உட்காருகிற பாரம் போதும். கட்டைவிரல் இறுக்கக் கூடாது, மணிக்கட்டு மடங்கக் கூடாது, வலித்தால் நிறுத்திவிட வேண்டும். முழு வித்தையும் இதுதான். இந்த மலையில் அதை வாசிக்கிறவன் நான் ஒருவன் என்பதால், சரியாக வாசிக்கிறேனா என்று சொல்ல ஆளில்லை.

என் வகுப்புக்கு நேர் கீழே ஒரு கொமியூனிகேஷன் கடை. அங்கேதான் நிலக்ஷி டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மரண அறிவித்தல், கல்யாண அழைப்பிதழ், பிரதேச சபைக்கு மனு, எல்லாம் அடிப்பாள். வந்தவர்களின் முகத்தைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே அடிப்பாள். விரல்களைப் பார்க்க மாட்டாள். மரத் தளம் வழியாக அந்தச் சத்தம் எனக்கு மேலே கேட்டுக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் மழைச் சத்தம்போல இதமாக இருந்தது.

ஒரு நாள் மேலே வந்தாள்.

“மாஸ்டர், இது டைப் அடிக்கிற மாதிரிதானே? நானும் ஒருக்கா தட்டிப் பாக்கவா?”

“பாரும்மா. ஒடச்சிடாத. அப்புறம் வெள்ளக்காரனத் தேடிப் போகணும்.”

நான் சிரித்துக்கொண்டுதான் மாட்டிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் தந்திகளைத் தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையும் ஒன்றையொன்று கேட்காமல் தனித்தனியே நடக்க ஆரம்பித்தன. இடது கை ஒரு நடை, வலது கை வேறு நடை. எனக்கு அது ஒருபோதும் வந்ததில்லை. “பரவாயில்ல, கை இருக்கு” என்றேன். வாரத்துக்கு ஒரு நாள் வரச் சொன்னேன். அவளை என் கண்முன்னே வைத்துக்கொள்வது நல்லது என்று பட்டது.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். மேடையில் என் இசையில் பெரும்பாகம் ஃபோனில் பதிந்து வைத்தது. இடது கை இரண்டு மூன்று இடத்தில் உண்மையாகவே தட்டும். வலது கை தந்திக்கு ஒரு நூலிழை மேலே ஓடும். எதையும் தொடாத கை வேகமாகத்தான் ஓடும், மிஸ். சனம் கை தட்டும்.

ஒரு வியாழக்கிழமை நிலக்ஷி தன் ஃபோனை நீட்டினாள். அந்தப் பட்டமளிப்பு விழா வீடியோ.

“மாஸ்டர், இத நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். ஒங்க வலது கை தந்தியில படவே இல்ல. ஆனா சத்தம் வருது. அது என்னா டெக்னிக் மாஸ்டர்? எனக்கும் சொல்லிக் குடுங்களேன்.”

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. கிண்டல்காரர்களை நான் வாயாலேயே மடக்குவேன். இவள் உண்மையாகவே கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். அடுத்த வாரம் வீரய்யா வேறு வந்து, மன்றத்தின் ஆண்டு விழாவில் “குருவும் சிஷ்யையும் மாத்தி மாத்தி வாசிக்கணும்” என்று அறிவித்துவிட்டுப் போனார். அதாவது, நான் வாசித்த அதே பலகையில், அதே சனத்துக்கு முன்னால், உண்மையான வாசிப்பு எப்படி இருக்கும் என்று அவள் காட்டப் போகிறாள். அன்றிலிருந்து கீழே விசைப்பலகைச் சத்தம் என்னை விடவில்லை. சாப்பிடும்போது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருக்கும்போதும் கேட்டது.

“தொடாம வாசிக்கிறது கடைசிப் பாடம்மா. அதுக்கு மொதல்ல விரலுக்குப் பலம் வேணும்” என்றேன்.

இதில் தவறு இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. எந்த ஆசிரியரும் பலம் வேண்டும் என்றுதான் சொல்வார்.

தந்திகளின் உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் பலகையின் அடியில் சின்னத் திருகாணிகள் உண்டு. அவள் வருவதற்கு முன்னால் ஓர் அலன் கீயால், அந்தத் திருகாணிக்கான அறுகோணச் சாவியால், கொஞ்சம் ஏற்றி வைத்தேன். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். ஈ உட்கார்ந்த இடத்தில் அவள் இப்போது குத்த வேண்டியிருந்தது.

“ஏன் மாஸ்டர், எனக்குப் போகப் போக ஏலாம வருது?”

“பலம் ஏறும்போது அப்பிடித்தான். வலிக்குதா?”

“முழங்கையில சுள்ளுன்னு இழுக்குது.”

“நல்லது. வலி வந்தா பாடம் உள்ள போகுதுன்னு அர்த்தம்.”

பிறகு நன்றாக வேலை செய்கிற விரல்களைத் துணியால் சேர்த்துக் கட்டி, மோதிர விரலையும் சுண்டு விரலையும் மட்டும் தட்ட வைத்தேன். கட்டைவிரலைப் பலகைக்குப் பின்னால் இறுக்கச் சொன்னேன். மணிக்கட்டை மடக்கச் சொன்னேன். வீட்டிலும், தோட்டத்து லயக் குடியிருப்பின் சுவரில், அப்படியே தட்டச் சொன்னேன். அவள் தட்டினாள். பக்கத்து வீட்டார் ஏசினார்களாம். அதையும் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

காலையில் அந்த இரண்டு விரலும் மரத்துப்போகிறது என்றாள். அந்த மரப்பு எனக்குத் தெரியும், மிஸ். பல வருடத்துக்கு முன்னால் எனக்கே வந்தது. டொக்டர், நரம்பு நசுங்குகிறது, தொடர்ந்தால் விரல் மடங்கி நின்றுவிடும் என்றார். நான் அன்றோடு நிறுத்திவிட்டேன். என் வலது கை தந்தியைத் தொடாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே நிலக்ஷி சொன்னபோது எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

“விரல் தூங்குது. தட்டி எழுப்பு” என்றேன்.

அவள் அம்மா அழகம்மா ஒரு பை நிறையப் பேரிக்காய் கொண்டு வந்தார். “புள்ளைய ஒங்க கையில ஒப்படச்சிட்டேன் மாஸ்டர். அடிச்சாச்சும் சொல்லிக் குடுங்க” என்றார். நான் மாணவர்களை அடிப்பதில்லை. அவரிடமும் அதைச் சொன்னேன். பேரிக்காய் நல்ல இனிப்பு.

கீழே சத்தம் மாறிக்கொண்டு வந்தது. மழை போன்றது தூறலாயிற்று. பிறகு நின்று நின்று, ஒற்றை விரலால் கொத்துகிற சத்தம். ஒவ்வொரு நாளும் தரையில் காதை வைத்துக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் தூக்கம் வர ஆரம்பித்தது. விழாவுக்கு முந்திய வாரம் திருகாணிகளை அவை போகிற மட்டும் ஏற்றினேன். விழாவன்று மேடைக்குப் பின்னால் அவளுடைய இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி நின்றன. இடது கையால் பிடித்து நிமிர்த்தினாள். விட்டதும் மறுபடி மடங்கின. என்னை மட்டும் பார்த்தாள். நான் அவள் தோளில் கை வைத்து ஆறுதல் சொல்லிவிட்டு, தனியாக மேடை ஏறினேன். அன்றைக்குச் சனம் எழுந்து நின்று கை தட்டியது.

பேனாவை வைத்துவிட்டீர்கள், மிஸ். பொலிஸில் சொல்லலாம் என்று நினைக்கிறீர்களா? என்னவென்று சொல்வீர்கள்? ஓர் ஆசிரியன் தன் சொந்த வாத்தியத்தில் திருகாணி திருப்பினான் என்றா? எழுதிக்கொள்கிறவர் எந்தக் கருவியால் குத்தினான் என்று கேட்பார். நான் சொல்ல வந்தது அதுவல்ல. முழுவதையும் சொன்னால்தான் என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

கடையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். நிலக்ஷிக்கு வேலை இல்லை. அதனால் நாள் முழுக்க என் மாடியில்தான் இருக்கிறாள். முந்தாநாள் நான் தேநீர் குடிக்க இறங்கிவிட்டுத் திரும்பி வருகிறேன், படியில் பாட்டுக் கேட்கிறது. அடிநாதமும் இருக்கிறது, பாட்டும் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் வலது கை மடியில் கிடக்கிறது. இடது கையின் இரண்டு விரல் கீழ்த் தந்திகளைப் பார்த்துக்கொள்ள, மற்ற இரண்டும் தாவித் தாவிப் பாட்டைத் தட்டுகின்றன.

“வலிக்கலயா?” என்றேன்.

“இல்ல மாஸ்டர். தந்தியெல்லாம் ரொம்ப ஏறியிருந்திச்சி. ஒங்க மேச லாச்சியில அந்தச் சாவி கெடந்திச்சி, நானே எறக்கிட்டேன். குளிருக்கு மரம் வளஞ்சிருக்கும், இல்லயா மாஸ்டர்?”

அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை. வெளியே எட்டிப் பாருங்கள். இப்போதும் அந்த இடது கை வாங்கின் விளிம்பில் தட்டிக்கொண்டிருக்கும்.

அவள் உள்ளே வந்ததும் உங்களிடம் ஒன்றுதான் கேட்பாள், இடது கையால் வாசிக்கலாமா என்று. கூடாது என்று சொல்லுங்கள். அந்தக் கைக்கும் ஆயுள் முழுக்க ஓய்வு என்று உங்கள் வாயால் சொன்னால் கேட்டுக்கொள்வாள், நல்ல பிள்ளை. சொல்ல மனம் வரவில்லை என்றால் நான் வற்புறுத்த மாட்டேன். வியாழக்கிழமை வழக்கம்போல வகுப்பு இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கைக்கு என்ன நடந்தாலும், அதைக் காப்பாற்ற வேண்டும் என்று இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து கெஞ்சியவன் நான் ஒருவன்தான் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது, மிஸ்.